கீழ்த்தள அறைக்கு வரி உண்டு. கடன் மதிப்பு உண்டா? கேரள எல்லைப் பகுதி வீடுகளின் மதிப்பீடு குறித்த விளக்கம்

மூணாறு: இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு வட்டங்களில், சாலையிலிருந்து பார்க்கையில் ஒரே தளமாகத் தோன்றும் சில வீடுகள் சரிவின் பக்கம் மேலும் ஒரு தளத்தைக் கொண்டுள்ளன. பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை சமவெளியில் கூடுதல் இடத்துக்காக வீட்டின் பின்புறம் தனி வாடகைப் பகுதி எழுப்பப்படுவதுண்டு. இந்தக் கூடுதல் பரப்பு வரிக்குக் கணக்கில் வந்தாலும், கடனுக்கான மதிப்பில் விடுபட்டுப்போக வாய்ப்புள்ளது.

வரிக்கான கணக்கு

1975ஆம் ஆண்டின் கேரள கட்டட வரிச் சட்டப்படி, அனைத்துத் தளங்களின் பரப்பும் ஒன்றாகக் கூட்டப்படும். விறகு சேமிக்கவோ குடியிருப்பு அல்லாத தேவைக்கோ பயன்படும் இணைப்புக் கட்டுமானத்துக்கு 6ஆவது பிரிவு விலக்கு அளிக்கிறது. விறகு அறை படுக்கையறையாக மாறினால் இவ்விலக்கு பொருந்தாது.

எடுத்துக்காட்டாக, மேல்தளம் 150 சதுர மீட்டரும் கீழ்த்தளம் 130 சதுர மீட்டரும் இருந்தால் மொத்தம் 280 சதுர மீட்டராகும். 1999 ஏப்ரல் 1 முதல் கட்டி முடிக்கப்பட்ட வீடுகளில் 278.7 சதுர மீட்டர் என்ற வரம்பை எட்டுபவை, ஆடம்பர வரி என அறியப்பட்ட ஆண்டு வரிக்கும் உட்படும்.

கடனுக்கான மதிப்பு

வங்கிக்காக மதிப்பிடும் பொறியாளர், மனையின் சந்தை விலையுடன் கட்டடத்தின் தேய்மானம் கழித்த மதிப்பைச் சேர்த்துக் கணக்கிடுவது வழக்கம். அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் இல்லாத பகுதி பொதுவாக விடுபடும் அல்லது குறைத்தே மதிப்பிடப்படும். அனுமதி பெற்ற கீழ்த்தளமாயினும், வெளிச்சமின்மை, சுவரில் நீர்க்கசிவு, தடுப்புச்சுவரின் நிலை ஆகியவை அதன் மதிப்பைக் குறைக்கக்கூடும்.

வரி ரசீது இதற்கு மாற்றாகாது. அனுமதியின்றி எழுப்பிய கட்டடத்துக்கும் ஊராட்சி வரி வசூலிக்க, 1994ஆம் ஆண்டின் கேரள பஞ்சாயத்து ராஜ் சட்டத்தின் 235ஏஏ பிரிவு வழிசெய்கிறது. ஆனால் வரி செலுத்துவதால் மட்டும் அக்கட்டடம் சட்டபூர்வமாகிவிடாது.

'நிலம்' என்றால் வயல்

தமிழில் 'நிலம்' என்பது பொதுச்சொல். கேரள வருவாய் ஆவணங்களிலோ அது நெல்வயலைக் குறிக்கும். வீடு கட்டத்தக்க மேட்டுமனை 'புரையிடம்' எனப் பதிவாகும். பின்புற வீடு நிற்கும் பகுதி 'நிலம்' எனப் பதிவாகியிருந்தால், 2008ஆம் ஆண்டின் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கிடும். எனவே தமிழர்கள் பத்திரத்தைப் படிக்கும்போது இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்வது அவசியம்.

பட்டாவின் நோக்கம்

1964ஆம் ஆண்டின் நிலப்பதிவு விதிகளின்படி வழங்கப்பட்ட பட்டாக்கள், முதன்மையாக விவசாயத்துக்கும் வீட்டுமனைக்குமானவை. அத்தகைய மனையில் கீழ்த்தளத்தைத் தங்கும் விடுதியாக நடத்தினால், வாடகை வருமானம் இருந்தும் பட்டா நிபந்தனை மீறப்பட்டதா என்ற கேள்வி எழும். இத்தகைய மீறல்களை முறைப்படுத்த வழிசெய்யும் திருத்தச் சட்டத்தைக் கேரள சட்டப்பேரவை 2023 செப்டம்பரில் நிறைவேற்றியது. 2024 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் அளித்தார்.

கவனிக்க வேண்டியவை

வாங்குவோர் முன்பணம் கொடுப்பதற்கு முன், வரைபடத்தில் உள்ள தளங்களின் எண்ணிக்கையை நேரில் ஒப்பிட வேண்டும். கிராம அலுவலகத்தின் அடிப்படை வரிப் பதிவேட்டில் மனையின் வகையையும், பட்டாவில் அதன் நோக்கத்தையும் சரிபார்க்க வேண்டும். கீழ்த்தளத்தை மாற்றியமைக்க விரும்பும் உரிமையாளர்கள், திருத்திய வரைபடத்துக்கு உள்ளாட்சி அமைப்பின் அனுமதியைப் பெற்ற பின்னரே பணியைத் தொடங்குவது நல்லது. இல்லையெனில் அந்த அறைகளுக்குச் செலவும் வரியும் இருக்கும். கடன் கேட்கும்போது மதிப்பு இல்லாமல் போகலாம்.