சிப்பிக்கும் ரத்தப் பரிசோதனை!

தருமபுரிப் பக்கம் மாந்தோப்பில் வேலை செய்கிறவர்களுக்குக் காலில் முள் குத்துவது புதிதல்ல. குத்திய இடம் சிவக்கும், வீங்கும், ராத்திரியெல்லாம் விண் விண்ணென்று தெறிக்கும். 'பாழாய்ப்போன வீக்கம்' என்று திட்டுகிறோம். உண்மையில் அது எதிரியல்ல, காவல்காரன்! ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் அங்கே ஓடிவந்து கிருமியோடு சண்டை போடுகின்றன. இதற்குப் பெயர் அழற்சி.

இது மனிதனுக்கு மட்டும்தானா? கடலடியில் கிடக்கும் சிப்பிக்கும் உண்டு. காதில் போடுகிற முத்தே அதற்குச் சாட்சி!

1973-ல் தூத்துக்குடியில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானி அழகர்சாமியின் முயற்சியால் வளர்ப்பு முத்து உருவானது. சிப்பியின் உடலைக் கீறி, சின்ன மணி ஒன்றையும் வேறொரு சிப்பியின் மெல்லிய தசைத் துண்டையும் உள்ளே வைப்பார்கள். உடனே ரத்த அணுக்கள் புண்ணை மொய்க்கும். புண் நல்லபடியாக ஆறினால், அந்தத் துண்டு மணியைச் சுற்றிப் பையாக வளர்ந்து, பளபளப்பான பூச்சைப் படலம் படலமாகப் பூசும். அழற்சி எல்லை மீறினாலோ, சிப்பி மணியை வெளியே தள்ளிவிடும், செத்தும் போகலாம்.

வாயில்லாத ஜீவனின் உபாதையை எப்படி அளப்பது? நமக்குச் செய்கிற மாதிரியேதான்! ஓடுகளை இறுக்கி மூடும் தசையில் ஊசி குத்தி, நிறமில்லாத ரத்தத்தை எடுக்கிறார்கள். மைக்ராஸ்கோப்பில் அணுக்களை எண்ணுகிறார்கள். அடுத்து, 'நியூட்ரல் ரெட்' என்ற சிவப்புச் சாயம் சேர்க்கிறார்கள். ஆரோக்கியமான அணு, சாயத்தைத் தன் நுண்ணிய பைகளுக்குள் நெடுநேரம் பிடித்து வைத்திருக்கும். மாசுபட்ட தண்ணீரில் நொந்துபோன அணு சீக்கிரமே கசியவிடும். எத்தனை நிமிஷம் தாங்குகிறது என்பதுதான் கணக்கு. சிப்பி சாவதற்கு முன்பே கடல் கெட்டுவருவதை இது காட்டிக்கொடுக்கும்.

நமக்கும் அப்படித்தான். பெரியவர்களுக்கு வெள்ளை அணுக்கள் ஒரு கன மில்லிமீட்டரில் சுமார் 4,000 முதல் 11,000 வரை இருக்கலாம். அதுவோ, ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. அளவுகளோ கூடினால், உடம்பில் எங்கோ சண்டை நடக்கிறது என்று அர்த்தமாகலாம். எங்கே, எதனால் என்பதை எண் மட்டும் சொல்லாது; டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ஆகவே, முள் குத்தினால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். டெட்டனஸ் ஊசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, சர்க்கரை நோய் இருந்தாலோ, "ரெண்டு நாள்ல தானா வத்திடும்" என்று உட்கார்ந்திருக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காவல்காரன் கூப்பாடு போடும்போது காதைப் பொத்திக்கொள்ளலாமா?