காரணம் தெரிந்தாக வேண்டும்

பிரசவ வார்டு மருத்துவர் நான். குழந்தை இறந்து பிறந்தால், “டாக்டரம்மா, நான் ஏதும் தப்பு பண்ணிட்டேனா?” என்றுதான் தாய் கேட்கிறாள். இல்லை என்று உறுதியாகச் சொல்ல, காரணம் தெரிய வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட ஐசிடி-பிஎம் என்ற, இத்தகைய இறப்புகளின் காரணத்தை வகைப்படுத்தும் முறை மூன்றைப் பதியச் சொல்கிறது: உயிர் பிரிந்தது பிரசவ வலி எடுப்பதற்கு முன்பா வலியின்போதா; குழந்தைக்கு நேர்ந்தது என்ன; தாய்க்கு இருந்த சிக்கல் என்ன.

குழந்தையின் தோல் உரிந்திருந்தால், பெரும்பாலும் வலிக்கு முன்பே உயிர் போயிருக்கும். நஞ்சுக்கொடியின் பின்புறம் ரத்தம் கட்டியாக உறைந்திருந்தால், நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்திருக்கலாம். தாய்க்கு உயர் ரத்த அழுத்தம் இருந்ததா என்று அறிய, அவளுடைய ரத்த அழுத்தப் பதிவுகளைப் புரட்டுவேன்.

வலியின்போது இறப்பென்றால் எங்கள் கண்காணிப்பைத் திருத்த வேண்டும். உயர் ரத்த அழுத்தம்தான் காரணமென்றால் அடுத்த கர்ப்பத்தில் ஆரம்பத்திலேயே கவனிக்கலாம். ‘காரணம் தெரியவில்லை’ என்று அவசரமாக எழுதிவிட்டால் இரண்டுமே நடக்காது.