விமானம் ஒரு மணி நேரம். பயணம் எத்தனை மணி நேரம்?

கொள்ளேகால்: சென்னையில் விமானம் ஏறுபவர் சுமார் நாலரை மணி நேரத்தில் சிங்கப்பூரில் இறங்கிவிடுகிறார். இடைத்தூரம் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். கொள்ளேகாலில் பஸ் ஏறிக் கோவை போய்ச் சேரவும் ஏறக்குறைய அதே நேரம் ஆகிறது. சில நாள் கூடுதலாகவும் ஆகும். இந்தத் தூரமோ சாலை வழியே சுமார் 180 கிலோமீட்டர். வரைபடத்தில் நேர்கோடு போட்டால் 125 கிலோமீட்டர்தான் வரும்.

இத்தனைக்கும் இரண்டும் ஒரே மாவட்டமாக இருந்த ஊர்கள். 1956 நவம்பர் 1 அன்று மைசூர் ராஜ்யத்தில் சேரும் வரை கொள்ளேகால் தாலுகா கோவை மாவட்டத்தில்தான் இருந்தது. மலைக்கு இப்பால் தாலுகா, அப்பால் கலெக்டர் ஆபீஸ். 1997 முதல் இவ்வூர் சாமராஜநகர் மாவட்டம். ராஜ்யமும் மாவட்டமும் மாறின. நடுவில் நிற்கும் மலை மாறவில்லை. திம்பம் பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில் ஒரு லாரி பழுதாகி நின்றால் போதும், பின்னால் வரும் வண்டிகளெல்லாம் நிற்க வேண்டியதுதான்.

“அவசரமென்றால் விமானத்தில் போய்விடலாமே” என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெங்களூருவிலிருந்து கோவைக்கு விமானம் சுமார் ஒரு மணி நேரம். ஆனால் கொள்ளேகாலிலிருந்து பெங்களூரு சுமார் 140 கிலோமீட்டர். நகரைக் கடந்து தேவனஹள்ளி விமான நிலையம் சேர மேலும் 35 கிலோமீட்டருக்குக் குறையாது. பஸ் மாறிப் போக ஐந்து மணி நேரம் வேண்டும். புறப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்பே அங்கே இருக்க வேண்டும். கோவையில் இறங்கி வெளியே வர அரை மணி. ஆக, எட்டரை மணி நேரம். திம்பம் வழியாகப் பஸ்ஸில் போனவர் அதற்குள் வீடு சேர்ந்து சாப்பிட்டும் முடித்திருப்பார்.

டெல்லி போகிறவருக்குக் கணக்கு வேறு. ரயிலில் ஒரு நாளுக்கு மேல் ஆகும் தூரத்தை விமானம் மூன்று மணி நேரத்துக்குள் கடக்கிறது. முன்னும் பின்னும் ஏழெட்டு மணி நேரம் செலவானாலும் லாபமே. தூரம் கூடக் கூடத்தான் விமானத்தால் பயன். கிட்டத்து ஊருக்கு அது சுற்றுவழி.

ஊரிலிருந்து துக்கச் செய்தி வரும்போதுதான் இந்தக் கணக்கு உண்மையில் உறைக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் 2022ஆம் ஆண்டு உத்தரவுகளின்படி, திம்பம் பாதையில் வன விலங்குகளைக் காக்க இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. பொழுது சாய்ந்த பின் கிளம்புகிறவர், சோதனைச் சாவடியில் வழி உண்டா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. கொள்ளேகாலுக்கு ரயில் கிடையாது. சாமராஜநகர் வரும் தண்டவாளமும் மலையைத் தாண்டுவதில்லை. மதுரை, தூத்துக்குடி பக்கத்தார், மைசூரிலிருந்து மாலையில் கிளம்பும் தூத்துக்குடி எக்ஸ்பிரஸை இரவில் பெங்களூருவில் பிடிக்கலாம். அதற்குப் பிற்பகலிலேயே இங்கு பஸ் ஏறியாக வேண்டும்.

முகம் பார்க்கப் போகிறவருக்கு டிக்கெட்டில் அச்சிட்ட நேரம் உதவாது. இவ்வூர் வாசற்படியிலிருந்து அவ்வூர் வாசற்படி வரை எண்ணும் நேரமே பயண நேரம்.