மூடிய மில்லும் திறந்த கல்லாவும்

நூறு வருடம் கண்ட ஒரு மில்லோ கிடங்கோ தொழில் நின்று பூட்டப்பட்டால், அதற்கு இரண்டு முடிவுகள்தாம் உண்டு என்று நம்மில் பெரும்பாலோர் எண்ணுகிறோம். ஒன்று, இடித்துவிட்டு மனையை விற்பது. மற்றது, அரசாங்கம் வந்து காப்பாற்றும் என்று காத்திருப்பது. காத்திருக்கும் காலத்தில் ஓடு சரிந்து, மழைநீர் இறங்கி, உத்தரம் உளுத்து, கடைசியில் அதுவும் இடிப்பதில்தான் முடிகிறது.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. கட்டடத்தையே சம்பாதிக்க வைத்து, அந்தச் சம்பாத்தியத்தில் அதைப் பராமரிப்பது. சொல்ல எளிது, செய்யக் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கை நடத்திக் காட்டிய இரண்டு மில்கள் பிரிட்டனில் உள்ளன. வணிகர்களாகிய நாம் அவற்றை வேடிக்கை பார்க்க வந்தவர்கள் போல் பார்க்காமல், பேரேட்டைப் புரட்டுகிறவர்கள் போல் பார்ப்பது நல்லது.

மளிகைக் கடையால் பெயர் பெற்ற மில்

ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகருக்குத் தென்கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், கிளைடு ஆற்றின் கரையில் உள்ளது நியூ லானார்க். அருவியின் வேகத்தை நம்பி டேவிட் டேல் என்பவர் 1786ல் அங்கே பஞ்சு நூற்பு ஆலையை நடத்தத் தொடங்கினார். அவருடைய மருமகன் ராபர்ட் ஓவன் 1800 முதல் நிர்வாகம் பார்த்தார்.

ஓவனின் பெயரை நம் தொழிலில் இருப்பவர்கள் மறக்கக் கூடாது. அந்தக் காலத்து முதலாளிகள் பலர் கூலிக்குப் பதில் டோக்கன் கொடுத்து, அதைத் தங்கள் கடையிலேயே மாற்றிக்கொள்ளச் சொல்வார்கள். சரக்கு மட்டம், விலையோ அதிகம். ஓவன் 1813ல் திறந்த ஊர்க்கடையில் நல்ல சரக்கை மொத்தமாகக் கொள்முதல் செய்து, அடக்க விலைக்குச் சற்றே மேல் வைத்து விற்றார். அதில் வந்த லாபம் தொழிலாளர் பிள்ளைகளின் பள்ளிக்குச் சென்றது. அவருடைய கருத்துகளின் வழியில் வந்தவர்களே 1844ல் ராச்டேலில் கூட்டுறவுக் கடையைத் தொடங்கினார்கள். அந்த முறையைப் பின்பற்றியே நம் சென்னையில் 1904ல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது.

பூட்டிய பிறகு

1968ல் அந்த மில் மூடப்பட்டது. வேலை போயிற்று, ஜனம் வெளியேறியது. ஆலைக் கட்டடங்கள் 1970ல் பழைய உலோகத்தைப் பிரித்தெடுக்கும் ஒரு நிறுவனத்துக்கு விலை போயின. ஊரே பழைய இரும்புக் கடை போல் ஆயிற்று.

தொழிலாளர் குடியிருப்புகளைச் சீர்செய்ய 1963லேயே ஒரு சங்கம் அமைந்திருந்தது. 1974ல் ஊர் முழுவதையும் பாதுகாக்க ஓர் அறக்கட்டளை ஏற்பட்டது. வேலையில்லாதவர்களுக்கான அரசின் வேலைத் திட்டங்களில் வந்தவர்களைக் கொண்டு அந்த அறக்கட்டளை வேலைகளைத் தொடங்கியது. ஆலைக் கட்டடங்கள் கைக்கு வர 1983ல் கட்டாயக் கையகப்படுத்தல் ஆணை வரை போக வேண்டியிருந்தது. பார்வையாளர் மையம் திறந்தது 1990ல்தான். 2001ல் யுனெஸ்கோ அந்த ஊரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மில் மூடியதிலிருந்து கணக்கிட்டால் 33 ஆண்டுகள். பொறுமை இல்லாதவர்கள் இத்தொழிலுக்கு வரக் கூடாது.

ஒரு தட்டில் நிற்காத தராசு

அந்த ஊரின் வரவுகளை வரிசையாகப் பாருங்கள். பார்வையாளர் சீட்டு விற்பனை ஒன்று. குடியிருப்புகளில் வாடகை இன்னொன்று. மேல்மாடிகள் குறைந்து நின்ற முதலாம் எண் ஆலையை எடுத்துக் கட்டி 1998ல் ஹோட்டல் திறந்தார்கள். பழைய நூற்பு இயந்திரத்தை ஓட்டி, கம்பளி நூல் நூற்று, அந்த இடத்தின் பெயரிலேயே விற்றார்கள். ஐஸ்கிரீமும் தயாரித்தார்கள். பஞ்சு நூற்க வந்த அதே ஆற்று நீர், மூன்றாம் எண் ஆலையில் உள்ள சுழலியைச் சுற்றி மின்சாரம் கொடுத்தது. வியாபாரத்தைத் தனி நிறுவனமாக வைத்து, அதில் மிஞ்சுவதை அறக்கட்டளைக்குக் கொடுத்தார்கள்.

இதில் எந்த ஒன்றும் தனியாக அவ்வளவு பெரிய கட்டடங்களைத் தாங்காது. சீட்டு விற்பனை கோடையில் ஏறும், குளிரில் இறங்கும். வாடகை குறைவு என்றாலும் மாதம் தவறாது. நூல் மூட்டையில் போகும் சரக்கு, வெளியூருக்கும் அனுப்பலாம். 2020ல் கொரோனா முடக்கம் வந்தபோது பிரிட்டன் முழுவதும் ஹோட்டல்களும் அருங்காட்சியகங்களும் மூடப்பட்டன. அத்தகைய நாளில் ஆள் வந்தால்தான் காசு என்னும் வரவுகள் ஒரேயடியாக நிற்கும். ஆனால் ஆற்று நீரும் குடியிருப்பு வாடகையும் ஊரடங்குக்காக நிற்பதில்லை. ஒரே சரக்கை நம்பிக் கடை வைக்காதே என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

ஒரு துணி வியாபாரியின் யோசனை

இரண்டாவது மில் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு அருகே சால்ட்டேரில் உள்ளது. டைட்டஸ் சால்ட் என்பவர் 1853ல் திறந்த அந்தக் கம்பளி ஆலை 1986ல் நின்றது. மறு வருடமே அதை வாங்கியவர் ஜோனதன் சில்வர். ஆயத்த ஆடைக் கடைகள் நடத்தி அனுபவப்பட்டவர்.

அவர் முதலில் செய்த காரியம், அதே ஊர்ப் பகுதியைச் சேர்ந்த பிரபல ஓவியர் டேவிட் ஹாக்னியின் படங்களை ஒரு தளத்தில் மாட்டி, கட்டணம் இல்லாமல் பார்க்க விட்டது. வெளிப்பார்வைக்கு இது நஷ்டக் கணக்கு. ஆனால் நம் கடையில் சர்க்கரையிலும் எண்ணெயிலும் கிடைப்பது எவ்வளவு? அவற்றுக்காக வருகிறவர் சீரகம், மிளகு, சோப்பு என்று வாங்கிப் போவதில்தானே கடை நிற்கிறது. அதேபோல் படம் பார்க்க வந்த கூட்டத்தால் புத்தகக் கடைக்கும் உணவகத்துக்கும் வியாபாரம் நடந்தது. இன்னொரு பக்கம் பெரிய தளங்களை மின்னணுத் தொழில் நிறுவனத்துக்கு வாடகைக்கு விட்டார். கூட்டம் வேறு, வாடகை வேறு என்று இரண்டையும் பிரித்து வைத்தார். 1997ல் அவர் காலமான பின்னும் குடும்பத்தார் தொடர்ந்து நடத்தினர். சால்ட்டேரும் 2001லேயே உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

முதல் கணக்கு வேறு, நடைமுறைக் கணக்கு வேறு

நியூ லானார்க்கைச் சீர்படுத்த ஆரம்பத்தில் அரசு உதவியும் நன்கொடையும் தேவைப்பட்டன என்பதை மறைக்க வேண்டியதில்லை. பழைய கட்டடத்தை நிமிர்த்தும் முதல் செலவை வாடகையிலிருந்தே எடுத்துவிடலாம் என்பது பெரும்பாலும் நடக்காத காரியம். ஆனால் நிமிர்த்திய பின் அன்றாடச் செலவுக்கும் மானியத்தை எதிர்பார்த்தால், மானியம் நிற்கும் நாளில் கதவும் சாத்தப்படும். ஆகவே இரண்டு கணக்குகளையும் ஒரே நோட்டில் எழுதக் கூடாது.

பலர் விட்டுவிடுவது மராமத்து நிதி. உதாரணமாக, ஒரு கிடங்கின் கூரையை 20 வருடத்துக்கு ஒரு முறை மாற்ற 12 லட்சம் ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 60,000, மாதத்துக்கு 5,000. மாத வாடகை 30,000 வருகிறது என்றால், கையில் இருப்பது 30,000 அல்ல, 25,000தான். விலைவாசி ஏற்றத்தைச் சேர்த்தால் அதுவும் இல்லை. அந்த 5,000ஐத் தொடாமல் வங்கியில் போடுகிறவருக்குக் கட்டடம் நிற்கும். அதையும் லாபமாக எண்ணிச் செலவழிக்கிறவர் கட்டடத்தைச் சிறிது சிறிதாகத் தின்கிறார் என்றே பொருள்.

இன்னொன்று, அறைகள் எல்லாம் வாடகைக்குப் போய்விடும் என்று வைத்துத் திட்டம் போடக் கூடாது. பத்தில் ஆறு போனால் செலவு கட்டுமா என்று பார்க்க வேண்டும். கட்டினால் இறங்கலாம், கட்டாவிட்டால் திட்டத்தைச் சுருக்க வேண்டும்.

நம் கடைத்தெருவுக்கு வருவோம்

நம் ஊர்களிலும் பழைய அரிசி ஆலைகள், புகையிலைக் கிடங்குகள், மண்டிக் கட்டடங்கள் பூட்டிக் கிடக்கின்றன. பாகப்பிரிவினை முடியாமல் சில. வாரிசுகள் வெளிநாட்டில் இருப்பதால் சில. தடித்த சுவர், உயர்ந்த கூரை, காற்றோட்டம், பழகிய தெரு. புதிதாகக் கட்டினால் இன்றைய விலையில் இவை கிடைக்கா. அப்படி ஒரு கட்டடம் கைவசம் உள்ளவர்கள் கீழ்க்கண்டவற்றை யோசிக்கலாம்:

1. முதல் செலவு கூரைக்கு. மழைநீர் இறங்குவதை நிறுத்தாமல் வேறு எந்த வேலையும் தொடங்க வேண்டாம்.

2. பத்திரம், வரி, வில்லங்கம், பாகம் ஆகியவற்றை முடித்துக்கொண்ட பிறகே அடுத்தவரிடம் முன்பணம் வாங்குங்கள்.

3. முழுக் கட்டடத்தையும் ஒரே நேரத்தில் சீர்செய்யக் கடன் வாங்காதீர்கள். ஒரு பகுதியைத் திறந்து, அதன் வரவு தெரிந்தபின் அடுத்த பகுதி.

4. ஒரே பெரிய வாடகைதாரரை நம்பாதீர்கள். அவர் காலி செய்தால் வட்டியை யார் கட்டுவது? சிறிய இடங்களாகப் பலருக்குக் கொடுங்கள். கடை, பொட்டலம் கட்டும் இடம், சேமிப்புக் கிடங்கு, அலுவலகம் என்று வகைவகையாக இருக்கட்டும்.

5. தீ, மின்கம்பி, வெளியேறும் வழி ஆகியவற்றில் சிக்கனம் வேண்டாம். பழைய மரக்கூரைக்கு ஒரு பொறி போதும்.

6. அந்த இடத்துக்கு என்று ஒரு பெயர் இருந்தால் அதை மாற்றாதீர்கள். விளம்பரம் செய்யாமலே ஊருக்குத் தெரிந்த பெயர் அது.

தனி ஒருவரால் முடியாத இடத்தில் நாலைந்து வணிகர்கள் சேர்ந்து, பங்கு எழுதி, ஒழுங்கான கணக்கோடு இறங்கலாம். நம்மிடம் இருப்பது மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்கும் அனுபவம். ஒரு பெரிய பழைய கட்டடத்தை எடுத்துச் சிறிய இடங்களாக வாடகைக்கு விடுவதும் அதே வியாபாரம்தான்.

பழமையைக் காப்பாற்றுகிறோம் என்ற பெருமை பின்னால் தானாக வரும். மாதக் கடைசியில் கல்லா கணக்கு நேராக இருந்தால் அந்தக் கட்டடம் அடுத்த தலைமுறைக்கும் நிற்கும்.