டிஸ்க் திறக்கிறது, எழுத மறுக்கிறது: தீவகக் கடைக்காரருக்குச் சில குறிப்புகள்

ஊர்காவற்துறை, நெடுந்தீவு, நயினாதீவைச் சேர்ந்தவர்கள் இன்று கனடா, பிரான்ஸ், இங்கிலாந்து, சுவிற்சர்லாந்து எனப் பல நாடுகளில் பரந்து வாழ்கிறார்கள். திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ ஊருக்கு வரும்போது அவர்களில் பலரின் பையில் ஓர் அப்பிள் மெக்புக் இருக்கிறது. இங்கே ஸ்டூடியோவிலும் கொமியூனிகேஷன் கடையிலும் பெரும்பாலும் இருப்பதோ வின்டோஸ் கம்பியூட்டர். இரண்டுக்கும் நடுவே கைமாறுவது ஒரு எக்ஸ்டேர்னல் ஹார்ட் டிஸ்க். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வின்டோஸில் நிரப்பிய டிஸ்க்கை மெக்கில் செருகினால் படங்கள் எல்லாம் தெரியும். திறந்து பார்க்கலாம், மெக்குக்குள் கொப்பி எடுக்கலாம். ஆனால் அந்த டிஸ்க்குக்குள் ஒரு படத்தைக்கூடப் புதிதாகப் போட முடியாது, அழிக்கவும் முடியாது. மெக்கில் நிரப்பிய டிஸ்க்கை வின்டோஸில் செருகினால் நிலைமை இன்னும் மோசம். டிஸ்க்கே தெரியாது. சில வேளைகளில் 'இதைப் பாவிக்க முன் போர்மட் செய்ய வேண்டும்' என்று கேட்கும். அவசரத்தில் 'ஆம்' என்று அழுத்தினால் கல்யாண வீடியோ போயிற்று.

இந்த இடத்தில் வாடிக்கையாளரிடம் 'டிஸ்க் பழுது, புதுசு ஒன்று வாங்குங்கள்' என்று சொல்லிவிடும் கடைகள் உண்டு. தெரியாமல் சொன்னால் அது அறியாமை. தெரிந்தே சொன்னால் அது வியாபாரம் அல்ல. டிஸ்க்கில் பழுது ஒன்றும் இல்லை. இரண்டு கம்பியூட்டர்களும் இரண்டு வேறு முறைகளில் கணக்கு எழுதுகின்றன, அவ்வளவுதான்.

கணக்குப் புத்தகம் வேறு வேறு

ஒவ்வொரு டிஸ்க்கிலும் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று குறித்து வைக்கும் ஒரு பேரேடு உண்டு. அதை எழுதும் முறைக்குத்தான் 'பைல் சிஸ்டம்' என்று பெயர். மைக்ரோசொப்ட் நிறுவனம் 1993இல் வின்டோஸ் என்.டீ.யுடன் கொண்டுவந்த முறை என்.டீ.எப்.எஸ். அப்பிள் 1998இல் எச்.எப்.எஸ். பிளஸ் முறையையும், 2017இல் மெக் கம்பியூட்டர்களுக்கு ஏ.பீ.எப்.எஸ். முறையையும் கொண்டுவந்தது. ஒருவருடைய பேரேட்டை மற்றவரின் கணக்குப்பிள்ளை வாசித்துப் புரிந்துகொள்வது வேறு, அதில் வரவு செலவு எழுதுவது வேறு. வாசிப்பதில் பிழை விட்டால் நட்டமில்லை. எழுதுவதில் பிழை விட்டால் முழுப் புத்தகமும் குழம்பிவிடும். என்.டீ.எப்.எஸ். முறையின் முழு விவரத்தையும் மைக்ரோசொப்ட் பகிரங்கமாக வெளியிடவில்லை. மெக்கும் அந்த டிஸ்க்கை வாசிப்பதோடு நின்றுகொள்கிறது.

லினக்ஸ்காரர்கள் இந்தப் பூட்டை வெளியிலிருந்தே ஆராய்ந்து திறந்தார்கள். ஹங்கேரியைச் சேர்ந்த சபோல்ச் சகாசிச் என்பவர் முன்னின்று உருவாக்கிய என்.டீ.எப்.எஸ்.-3ஜீ என்ற இலவச மென்பொருளின் முதல் நிலையான பதிப்பு 2007இல் வெளிவந்தது. என்.டீ.எப்.எஸ். டிஸ்க்கில் நம்பிக்கையோடு எழுத அது வழி செய்தது. 2021இல் பரகன் நிறுவனம் கொடுத்த ட்ரைவர் லினக்ஸின் உள்ளேயே, 5.15ஆம் பதிப்பில், சேர்க்கப்பட்டது. ஆக, பல வருட உழைப்புக்குப் பின் வந்த வசதி இது.

நான்கு வழிகள்

முதலாவது, மெக்கில் என்.டீ.எப்.எஸ். ட்ரைவர் ஒன்றைப் போடுவது. பரகன், டக்செரா ஆகிய நிறுவனங்களின் ட்ரைவர்கள் காசுக்குக் கிடைக்கின்றன. சீகேட் நிறுவனம் தன்னுடைய டிஸ்க் வாங்கியவர்களுக்குப் பரகனின் ட்ரைவரை இலவசமாகவே வழங்கி வந்துள்ளது. டிஸ்க்கில் ஏற்கனவே உள்ள எதையும் அழிக்க வேண்டியதில்லை என்பது இந்த வழியின் நன்மை. மெக்கின் இயங்குதளம் புதுப்பிக்கப்படும்போது ட்ரைவரையும் புதுப்பிக்க வேண்டிவரலாம் என்பது குறை. கட்டளை எழுதி மெக்கில் எழுதும் வசதியைத் திறக்கும் ஒரு குறுக்குவழியும் முன்பு பேசப்பட்டது. அதை அப்பிள் அதிகாரபூர்வமாக ஆதரித்ததில்லை. பிறர் பொருளில் அந்தப் பரீட்சையைச் செய்து பார்க்கக் கூடாது.

இரண்டாவது, இரு பக்கமும் எழுதக்கூடிய பொது முறையில் டிஸ்க்கை மாற்றுவது. பழைய பெட் 32 முறை எல்லாக் கருவிகளிலும் ஓடும். ஆனால் 4 ஜீ.பீ.க்கு மேற்பட்ட தனிக் கோப்பு ஒன்றை அதில் வைக்க முடியாது. இன்றைய கல்யாண வீடியோ அதற்குள் அடங்காது. மைக்ரோசொப்ட் 2006இல் கொண்டுவந்த எக்ஸ்பெட் முறைதான் இதற்குப் பொருத்தம். மெக்கில் அது 2010 முதல் எழுதக்கூடியதாக உள்ளது. 2019இல் மைக்ரோசொப்ட் அதன் விவரங்களை வெளியிட்டபின் லினக்ஸிலும் சேர்ந்துவிட்டது. கவனிக்க வேண்டிய ஒன்று: மாற்றும்போது டிஸ்க்கில் உள்ளதெல்லாம் அழியும். முதலில் வேறொரு டிஸ்க்கில் கொப்பி எடுத்து, எடுத்த கொப்பியைத் திறந்து பார்த்த பிறகே போர்மட் செய்ய வேண்டும். எக்ஸ்பெட் போர்மட்டை வின்டோஸ் கம்பியூட்டரிலேயே செய்வது நல்லது. மெக்கில் செய்த சில டிஸ்க்குகளை வின்டோஸ் ஏற்பதில்லை.

மூன்றாவது, டிஸ்க்கைக் கைமாற்றாமலே கோப்பை மாற்றுவது. மெக்கையும் வின்டோஸையும் ஒரே ரவுட்டரில் இணைத்து, ஒன்றில் போல்டரைப் பகிர்ந்தால் மற்றதிலிருந்து எழுதலாம். டிஸ்க் எந்த முறையில் இருந்தாலும் அதைச் செருகியிருக்கும் கம்பியூட்டரே எழுதும் வேலையைப் பார்த்துக்கொள்ளும். இதற்கு இன்டர்நெட் தேவையே இல்லை. சிக்னல் விட்டுவிட்டு வரும் இடங்களில் இது பெரிய வசதி. செலவு ஒரு நெட்வேர்க் கேபிள் மட்டுமே.

நான்காவது, லினக்ஸ் போட்ட பென் ட்ரைவ் ஒன்றைக் கடையில் வைத்திருப்பது. பழைய கம்பியூட்டர் ஒன்றை அதிலிருந்து இயக்கினால் என்.டீ.எப்.எஸ்., எக்ஸ்பெட் இரண்டிலும் எழுதலாம். பழைய மெக் டிஸ்க்குகளை வாசிக்கவும் செய்யலாம்.

இவை தவிர, இணையத்தில் கிடைக்கும் 'கிரேக்' செய்த ட்ரைவரைப் போட்டுக் கொடுக்கும் பழக்கமும் இருக்கிறது. அது அடுத்தவர் உழைப்பைத் திருடுவது என்பது ஒரு பக்கம். டிஸ்க்கின் பேரேட்டில் எழுதும் உரிமையை யாரென்று தெரியாதவரின் கையில் கொடுப்பது மறுபக்கம். நஷ்டம் வந்தால் பழி கடைக்காரர் மேல்தான் விழும்.

என்.டீ.எப்.எஸ். டிஸ்க்காக இருந்தும் லினக்ஸில் எழுத முடியவில்லை என்றால் வேறு காரணத்தையும் பாருங்கள். வின்டோஸ் 8 முதல் 'பாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி உண்டு. கம்பியூட்டரை நிறுத்தினாலும் அது முழுதாக நிற்பதில்லை. அந்த நிலையில் இழுத்தெடுத்த டிஸ்க்கைப் பாதி எழுதிய பேரேடாகக் கருதி, வாசிக்க மட்டும் விடும். அதே வின்டோஸில் மீண்டும் செருகி, முறைப்படி 'இஜெக்ட்' செய்து எடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். கெமராவின் மெமரி கார்ட் என்றால் பக்கத்திலுள்ள சிறிய பூட்டையும் பாருங்கள்.

படகு நேரமும் கொப்பி நேரமும்

தீவகத்தில் வியாபாரம் செய்பவர் இன்னொரு கணக்கும் போட வேண்டும். நெடுந்தீவிலிருந்து வருபவர் குறிகட்டுவான் இறங்குதுறை வரை ஒரு மணித்தியாலமளவு கடலில் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வருகிறார். திரும்பும் படகைத் தவறவிட்டால் அன்றிரவு அவர் வீடு போக முடியாது. 500 ஜீ.பீ. படங்களைப் பழைய யூ.எஸ்.பீ. 2 வழியாக விநாடிக்கு 30 எம்.பீ. வேகத்தில் கொப்பி எடுத்தால் நாலரை மணித்தியாலத்துக்கு மேல் செல்லும். யூ.எஸ்.பீ. 3 வழியாக 100 எம்.பீ. வேகம் கிடைத்தால் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் முடியும். போர்மட் மாற்ற வேண்டுமானால் வெளியே எடுக்க ஒரு தடவை, திரும்பப் போட ஒரு தடவை என்று இது இரட்டிப்பாகும். ஆகவே டிஸ்க்கை வாங்கும்போதே நேரத்தைச் சொல்லிவிடுங்கள். 'அரை மணியில் தருகிறேன்' என்று சொல்லி, படகுக்கு ஓடுகிறவரிடம் பாதியில் இழுத்தெடுத்த டிஸ்க்கைக் கொடுப்பதைவிட, மறுநாள் வரச் சொல்வது மரியாதை. எக்ஸ்பெட் முறைக்கு நடுவில் பிடுங்குவதைத் தாங்கும் சக்தி குறைவு. மின்சாரம் நின்றாலும் இதே கதிதான். ஒரு சிறிய யூ.பீ.எஸ். அந்தக் கவலையைத் தீர்க்கும்.

ஒரு டிஸ்க்குக்கு இவ்வளவு கவனமா என்று கேட்கலாம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது வேறெங்கும் பிரதி இல்லாத நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட நம் குடும்பங்களில் பலர் காணி உறுதியையும் பிறப்புப் பத்திரத்தையும் விட்டுவிட்டே வந்தார்கள். திரும்பிப் போனபோது காணி தங்களுடையது என்று காட்டக் கையில் தாள் இல்லாமல் அவர்கள் பட்ட பாடு நாம் அறிந்தது. இன்று உறுதியை ஸ்கேன் செய்து வைக்கப் பெரிய செலவில்லை. ஆனால் பிள்ளை பாரிஸில் மெக்கில் வைத்திருக்கும் பிரதியை ஊரில் வாப்பாவின் வின்டோஸ் கம்பியூட்டர் திறக்காது என்றால், அந்தப் பிரதி இருந்தும் இல்லாததுதான்.

ஆகவே கடை வைத்திருக்கும் சகோதரர்கள் மூன்று விடயங்களை வழக்கமாக்கிக் கொள்ளுங்கள். புதிய டிஸ்க் விற்கும்போது 'மெக்கா, வின்டோஸா, இரண்டுமா' என்று கேளுங்கள். இரண்டும் என்றால் எக்ஸ்பெட்டில் போர்மட் செய்து, டிஸ்க்கின் மேல் அதை எழுதி ஒட்டிக் கொடுங்கள். யாருடைய டிஸ்க்கையும் உரியவரின் வாய்ச்சம்மதம் இல்லாமல் போர்மட் செய்யாதீர்கள். முக்கியமான ஆவணம் என்றால் இரண்டு டிஸ்க்குகளில், இரண்டு வீடுகளில் வைக்கச் சொல்லுங்கள். இதைச் சொல்லிக் கொடுப்பதால் இன்று ஒரு டிஸ்க் விற்பனை குறையலாம். ஆனால் நம்மை நம்பி ஒப்படைத்த அமானிதம் பழுதின்றித் திரும்பிப் போகும். அடுத்த விடுமுறையிலும் அந்த வாடிக்கையாளர் நம் கடைப் படியைத்தான் ஏறுவார்.