ஷெட்டில் நிற்கும் ஹெரால்டு

டீ வரட்டும் தம்பி. அதுவரைக்கும் ஒரு கணக்கை ஓரமாக எடுத்து வைத்துவிடலாம். அப்பா இந்த வண்டிக்கு எவ்வளவு செலவழித்தார், டிங்கரிங் கடைக்கு நீங்கள் இதுவரை எவ்வளவு கொடுத்தீர்கள் என்ற கணக்கு. வண்டியை முடித்தாலும் விற்றாலும் அந்தப் பணம் போனதுதான். இனி எவ்வளவு செலவு, இனி எத்தனை மாதம், கடைசியில் கையில் என்ன நிற்கும் என்பதை மட்டும் பார்ப்போம். "இவ்வளவு போட்டாச்சே" என்ற ஒரு சொல்லுக்காக எத்தனையோ நல்ல வண்டிகள் புளி மூட்டைக்குப் பக்கத்தில் கிடந்து மக்குகின்றன. முடிப்பதும் நல்ல முடிவு, விற்பதும் நல்ல முடிவு. எதையும் முடிவு செய்யாமல் விட்டால்தான் வண்டி சாகிறது.

முதலில் ஷெட்டுக்குப் போக வேண்டாம், பீரோவைத் திறங்கள். ஆர்.சி. புக் இருக்கிறதா? அதில் எழுதியிருக்கும் சேசிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் வண்டியில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா? நம்பர் மேல் மெல்லிய தாளை வைத்து பென்சிலால் தேய்த்துப் படி எடுத்து, புத்தகத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். புத்தகம் அப்பா பெயரிலேயே இருந்தால் வாரிசுப் பெயர் மாற்றத்துக்குப் படிவம் 31 கொடுக்க வேண்டும். விதிப்படி அவர் காலமான 3 மாதத்துக்குள் கொடுத்திருக்க வேண்டியது. நாள் கடந்திருந்தாலும் வாரிசுச் சான்றிதழை எடுத்துக்கொண்டு தர்மபுரி ஆர்.டி.ஓ. ஆபீஸில் போய் நேரில் பேசுங்கள். அக்காவிடமும் இப்போதே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். வண்டி ஓடத் தொடங்கிய பிறகு பாகம் பேசுவதைவிட, பிரித்துக் கிடக்கும்போது பேசுவது சுலபம். விற்பதானாலும் இந்த வேலையைத் தாண்டிப் போக முடியாது. காலமானவர் பெயரில் உள்ள வண்டிக்கு விவரம் தெரிந்த யாரும் நல்ல விலை கொடுக்க மாட்டார்கள்.

பெயர் மாறிய பிறகு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, எல்லாப் பழைய வண்டிக்கும் உள்ள புதுப்பித்தல். 5 ஆண்டுக்கு ஒரு முறை, வண்டியை ஆய்வாளர் முன்னால் நிறுத்திக் காட்டிச் செய்வது. 20 ஆண்டு தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் இதன் கட்டணத்தை 10,000 ரூபாயாக ஏற்றினார்கள். காலம் கடந்த ஒவ்வொரு மாதத்துக்கும் 500 ரூபாய் என்று விதியில் இருக்கிறது, பசுமை வரி தனி. இன்னொன்று, 2021-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்த வின்டேஜ் பதிவு. முதல் பதிவாகி 50 ஆண்டு தாண்டியிருக்க வேண்டும். சேசிஸ், பாடி, எஞ்சின் மூன்றும் பெரிய மாற்றம் இல்லாமல் இருக்க வேண்டும். நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்து வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். ஆனால் அந்த வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று சிலவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒகேனக்கல் போவதுதான் உங்கள் ஆசை என்றால் முதல் வழியில்தான் போக வேண்டும். நடுவில் யாராவது மாருதி எஞ்சினை இறக்கியிருந்தால் இரண்டாவது வழி அடைபட்டுவிடும். முதல் வழிக்கும் அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும்.

பேப்பரே கிடைக்காது என்று தெரிந்தால் நான் யோசிக்கவே மாட்டேன், உதிரி பாகமாகக் கொடுத்துவிடச் சொல்வேன். ரோட்டில் ஏற முடியாத வண்டிக்குப் பெயின்ட் அடித்துப் பார்த்துக்கொண்டிருப்பது மனதுக்கு வேதனை.

இனி ஷெட்டுக்குப் போகலாம். இங்கிலாந்தில் 1959-ல் வந்த டிரையம்ஃப் ஹெரால்டுதான் 1961-லிருந்து சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் ஹெரால்டாக உருவானது. வடிவம் கொடுத்தவர் இத்தாலிக்காரரான ஜியோவானி மிக்கெலாட்டி. எஞ்சின் 948 சிசி. அறுபதுகளின் பிற்பகுதியில் நம்மவர்கள் நான்கு கதவு வைத்த ஹெரால்டைச் செய்தார்கள், இங்கிலாந்தில் அது கிடையாது. எழுபதுகளில் அந்த இடத்துக்கு கேஸல் வந்தது, எண்பதுகளின் இறுதியில் கம்பெனியே நின்றுபோனது.

இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை தம்பி, உங்கள் முடிவில் பாதி இதில்தான் இருக்கிறது. ஹெரால்டின் சேசிஸிலும் கீழ்ப்பாகங்களிலும் பிறந்ததுதான் ஸ்பிட்ஃபயர் என்ற விளையாட்டுக் கார். 1980 வரை அது ஓடிவந்ததால் இரண்டுக்கும் பொதுவான பாகங்களை இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். பேரிங், கேஸ்கெட், பிரேக் சாமான் கிடைக்கும். கூரியரும் சுங்க வரியும் கையைக் கடிக்கும், அவ்வளவுதான். ஆனால் உங்கள் வண்டியின் பின் கதவு லண்டனிலும் கிடைக்காது. ஆகவே எஞ்சின் பிரிந்து கிடப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நான்கு கதவும் கீலோடும் கண்ணாடி ஏறி இறங்கும் சட்டத்தோடும் இருக்கின்றனவா, முன் கண்ணாடி முழுசாக இருக்கிறதா, கிரில், பம்பர், விளக்கு வளையம், மீட்டர் எல்லாம் எந்தச் சாக்கில் இருக்கின்றன என்று பாருங்கள். பின் கதவு ஒன்று தொலைந்திருந்தால், ஓடாத இன்னொரு ஹெரால்டை வாங்கித்தான் ஈடுகட்ட வேண்டியிருக்கும்.

அடுத்தது இரும்பு. பத்மினியிலும் அம்பாசடரிலும் பாடிதான் எலும்புக்கூடு. தளமும் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டியும் துருப்பிடித்தால் வண்டியே தொய்ந்து கதவு சாத்தாது. ஹெரால்டில் தனிச் சேசிஸ், பாடி அதன்மேல் போல்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. தரை ஓட்டையாகப் போனாலும் சேசிஸ் நன்றாக இருந்தால் வண்டியை மீட்கலாம். குனிந்து, சேசிஸிலிருந்து இரண்டு பக்கமும் கை நீட்டியதுபோல் போகும் தாங்கிகளை ஸ்குரூ டிரைவரால் அழுத்திக் குத்திப் பாருங்கள். டக்கென்று சத்தம் வந்தால் சரி. செதில் செதிலாக உதிர்ந்து உள்ளே போனால் வெட்டி ஒட்ட வேண்டும். மேலே பாடிக்கு, துணியில் சுற்றிய சின்னக் காந்தம் போதும். பிடிக்காத இடத்தில் தகட்டுக்கு மேல் பட்டி கனமாக இருக்கிறது என்று அர்த்தம். நம் மாவட்டத்து வறண்ட காற்று இந்த வண்டிகளுக்குச் செய்யும் உதவி பெரிது, கடற்கரை ஊரில் இத்தனை வருடம் தாங்கியிருக்காது. ஆனால் பிளாஸ்டிக் தார்ப்பாயைப் போர்த்தி இறுக்கிக் கட்டினால் அதுவே உள்ளுக்குள் வேர்த்து அரித்துவிடும். இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள்.

எஞ்சின் விஷயம் சுருக்கமானது. ரீபோர், கிராங்க் கிரைண்டிங் எல்லாம் சேலத்து லேத்துப் பட்டறையிலேயே ஆகும். ஹெட்டைக் கொடுக்கும்போது வால்வு சீட்டைக் கடினமான இரும்பில் புதிதாகப் போடச் சொல்லுங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ல் நின்றுபோனது, அதற்காகச் செய்த பழைய சீட் இப்போது சீக்கிரம் தேயும். இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், ஆகையால் பழைய ரப்பர் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம் எதையும் நம்ப வேண்டாம், எல்லாம் புதிது. இவ்வளவும் செய்துவிட்டு ரேடியேட்டரில் போர் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். நம் ஊர்த் தண்ணீரின் உப்பு, பிளாக்குக்குள் சுண்ணாம்பாகப் படிந்து சூட்டை ஏற்றும்.

நான் அதிகம் கவலைப்படுவது முன் சக்கரத்தைப் பற்றி. ஹெரால்டில் சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் கீழ் முனை மரையோடு ஒரு வெண்கலக் கட்டைக்குள் இறங்கியிருக்கும், டிரனியன் என்பார்கள். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரையில் திரும்புகிறது. அதற்குள் போட வேண்டியது கியர் ஆயில். மற்ற வண்டிக்குப் போடுவதுபோல் கிரீஸ் அடித்துவிடுவார்கள். கிரீஸ் காய்ந்து அடைத்துக்கொள்ளும், தண்ணீர் புகும், மரை இருக்கும் இடத்தில் எஃகு துருப்பிடித்து மெலியும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒருநாள் திருப்பத்தில் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வண்டியை முடிப்பதென்றால் பெயின்ட் காசில் கைவைத்தாவது இரண்டு பக்கமும் தண்டையும் டிரனியனையும் புதிதாகப் போடுங்கள்.

இப்போது ஒரு நோட்டு எடுங்கள். டிங்கர், பெயின்டர், லேத், எலக்ட்ரீஷியன், குஷன் கடை என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக விலை கேட்டு எழுதுங்கள். மொத்தம் கொடுத்து முடித்துத் தரச் சொல்வதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். வேலை நிற்கும்போது எங்கே நின்றது என்றே தெரியாது. வந்த கூட்டுத்தொகையில் பாதியை மேலே சேர்த்துக்கொள்ளுங்கள், பழைய வண்டி அப்படித்தான் கேட்கும். அந்தத் தொகைக்கு ஓடும் நிலையில் இன்னொரு ஹெரால்டு கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். பெரும்பாலும் கிடைக்கும். ஆகவே லாபத்துக்காக முடிப்பது என்ற பேச்சை விட்டுவிடலாம். அப்பா ஓட்டிய வண்டியில் நாம் உட்கார வேண்டும் என்பது நியாயமான காரணம், அதற்குச் செலவு செய்யலாம். ஆனால் அந்த ஆசை உங்களுடையதாக இருக்க வேண்டும், ஊர் என்ன சொல்லும் என்ற பயமாக இருக்கக் கூடாது.

காசைவிடப் பெரிய கேள்வி ஆள். தகட்டைத் தட்டி வளைவு எடுக்கத் தெரிந்த பழைய டிங்கர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். இன்றைய கடைகளில் பேனலைக் கழற்றிப் புதிதாக மாட்டுவதுதான் பழக்கம், உங்கள் வண்டிக்கு மாட்டப் புதுப் பேனல் இல்லை. கைதேர்ந்த ஒருவர் கிடைத்து, இந்த மாதமே தொடங்குகிறேன் என்றால் அது பாதிக் காருக்குச் சமம்.

நான் பார்த்தவரை உங்கள் சேசிஸ் கெட்டியாக இருக்கிறது, நான்கு கதவும் இருக்கின்றன. முடிக்கலாம் என்பதுதான் என் எண்ணம். தைப் பொங்கலுக்குள் பெயர் மாற்றம் ஆகி, பாடி சேசிஸ்மேல் ஏறி, கதவு நான்கும் ஒழுங்காகச் சாத்த வேண்டும். அது நடந்தால் மீதியும் நடக்கும். நடக்காவிட்டால் விற்றுவிடுங்கள், இன்னொரு பொங்கல் பார்க்க வேண்டாம்.

விற்பதானால் சாக்கில் கட்டி விற்காதீர்கள். கதவு, பானட், சக்கரம் எல்லாவற்றையும் தற்காலிகமாகவாவது மாட்டி, வண்டியை நாலு காலில் நிறுத்துங்கள். வாங்குபவர் பார்ப்பது எல்லாம் இருக்கிறதா என்பதைத்தான். சில்லறைச் சாமானை டப்பாவில் போட்டு மேலே பெயர் எழுதி வையுங்கள். பானட்டை மட்டும் தருவீர்களா, கதவை மட்டும் தருவீர்களா என்று வருபவரிடம் முடியாது என்று சொல்லிவிடுங்கள். பேப்பர் உள்ள வண்டியைக் காயலான் கடைக்கு எடைக்குப் போடவே கூடாது. சென்னை, கோவை, பெங்களூரில் இதையே தேடிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள், பெங்களூரிலிருந்து வருபவருக்குப் பாலக்கோடு தூரமில்லை. விலை பேசி முடிந்ததும் படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர், விபத்து நடந்தால் நஷ்டஈடும் அவர் தலையில்தான் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வாங்கியவரோடு நீங்களும் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போய், பெயர் மாறிய பதிவின் நகலைக் கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.