ஆளுக்கேற்ற ஓடம்

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் ஆகிய ஊர்கள் அடங்கிய எங்கள் கரிசல் நாட்டில் ஓடத்தைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். வைப்பாறும் அருச்சுனா நதியும் ஆண்டின் பெரும்பகுதியில் மணலாறுகளாகவே கிடக்கின்றன. ஆயினும் இன்று இம்மண்ணின் இளைஞர்கள் விடுமுறை நாட்களில் மலையாறுகளை நாடிச் செல்கின்றனர். கேரளத்தில், கோழிக்கோடு மாவட்டத்துத் துஷாரகிரிப் பகுதியில், சாலிப்புழை, இருவஞ்ஞிப்புழை என்னும் ஆறுகளில் மழைக்காலத்தில் கயாக் ஓட்டப் போட்டிகள் நடைபெறுகின்றன. ரிஷிகேசத்துக்கு மேலே கங்கையிலும் இப்பயிற்சி உண்டு. ஆற்றில் இறங்குமுன் அறிய வேண்டிய ஒன்றை, சிறப்பாக உடல் பெருத்தவர்கள் அறிய வேண்டியதை, இன்று விளக்க விரும்புகிறேன்.

கயாக் என்பது மேற்புறம் மூடிய சிறு ஓடம். நடுவிலுள்ள துவாரத்தில் ஒருவர் கால்களை நீட்டி அமர்ந்து, இருமுனைத் துடுப்பால் செலுத்துவார். வடதுருவத்தை ஒட்டிய பனிநாடுகளில் வாழும் இனுயிட் மக்கள் கடலில் வேட்டையாடுவதற்கு இதனை அமைத்தனர். மரச்சட்டத்தின்மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்திச் செய்வார்கள். அளவுகோல் அவரவர் உடம்பே. கைகளை விரித்த அகலத்தைப் போல் மும்மடங்கு நீளம், இடுப்பின் அகலத்தோடு இரண்டு கைமுட்டி சேர்த்த அகலம் என்பது அவர்களிடையே வழங்கிய அளவுகளுள் ஒன்று. ஆகவே பருத்தவனுக்குப் பெரிய ஓடமும் மெலிந்தவனுக்குச் சிறிய ஓடமும் இயல்பாகவே அமைந்தன.

இக்காலத்துக் கயாக்குகளோ பிளாஸ்டிக்கை அச்சில் வார்த்துச் செய்யப்படுபவை. ஓடம் முதலில் பிறக்கிறது. அதில் அமர்பவர் பின்னால் வருகிறார். கடையில் வாங்கும் ஆயத்தச் சட்டையைப் போல, நமக்குரிய அளவை நாமே தேர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பள்ளியில் எல்லா மாணவர்க்கும் ஒரே உயர மேசை போடுகிறோம். நெட்டையன் முழங்கால் இடித்துக்கொண்டு கோணி உட்கார்ந்தால், “நேராக உட்கார்” என்று அவனையே கடிந்துகொள்கிறோம். மேசையை ஒருவரும் குறை கூறுவதில்லை. ஆற்றிலும் இதே அநீதி நிகழ்வதுண்டு.

இனிக் கணக்கைப் பார்ப்போம். மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை விலக்கும் என்பது ஆர்க்கிமிடீஸ் கண்ட உண்மை. ஒரு லிட்டர் நீரின் எடை ஏறக்குறைய ஒரு கிலோகிராம். 100 கிலோ எடையுள்ள ஒருவர், 22 கிலோ எடையுள்ள கயாக்கில், 8 கிலோ உடைமைகளுடன் அமர்கிறார் எனக் கொள்வோம். மொத்தம் 130 கிலோ. எனவே 130 லிட்டர் நீர் விலகும். அந்த ஓடத்தின் முழுக் கொள்ளளவு 250 லிட்டர் என்றால், அதில் பாதிக்கு மேல் நீருக்குள் அமிழ்ந்துவிடும். 340 லிட்டர் என்றால், நூற்றுக்கு 38 பங்கே அமிழும். அந்த 250 லிட்டர் ஓடத்திலேயே 60 கிலோ எடையுள்ளவர் அமர்ந்தால் நூற்றுக்கு 36 பங்கு அமிழும். ஆகவே மெலிந்தவர்க்குச் சிறிய ஓடம் தரும் மிதப்பையே, பெருத்தவர்க்குப் பெரிய ஓடம் தருகிறது. ‘விரலுக்குத் தகுந்த வீக்கம்’ என்பது இங்கும் பொருந்தும்.

மிகுதியாக அமிழ்ந்தால் என்ன கேடு? பாறைகளில் மோதி நுரைத்துப் பாயும் நீர், தாழ்ந்து கிடக்கும் ஓடத்தின் மேற்புறத்தில் ஏறி, பின்முனையை அழுத்தும். திரும்பும்போது விளிம்பு நீரில் சிக்கி ஓடம் கவிழும். சிற்றருவியில் இறங்கினால் விரைவில் மேலெழாது. மறுபுறம், மெலிந்தவர் மிகப் பெரிய ஓடத்தில் அமர்ந்தாலும் நன்மையில்லை. அது தக்கையைப் போல் மிதக்கும்; சாய்க்கவும் முடியாது, கவிழ்ந்தால் நிமிர்த்தவும் அரிது.

சிவகாசிப் பிள்ளைகளுக்கு ஓர் உவமை கூறுகிறேன். ராக்கெட் வாணத்தின் குழாய்க்கேற்பக் குச்சியின் நீளம் அமைய வேண்டும். பெரிய குழாய்க்குக் குட்டைக் குச்சி கட்டினால், வாணம் நேரே ஏறாமல் சுழன்று எங்கோ பாயும். அதற்காக மருந்தைக் குறை கூறுவோமா? இணைப்பில்தான் பிழை.

கயாக் செய்வோர், இன்ன எடை முதல் இன்ன எடை வரை உள்ளவர்க்கு ஏற்றது என்று ஒவ்வொன்றுக்கும் வரம்பு குறிப்பார்கள். உடைமைகளையும் சேர்த்த நம் எடை அவ்வரம்பின் நடுப்பகுதியில் விழுவது நல்லது. மேல் எல்லையைத் தொடுமாயின் அடுத்த பெரிய அளவை நாட வேண்டும்.

எடை ஒன்றே போதாது. உடலின் அமைப்பும் பொருந்த வேண்டும். கரையிலேயே அமர்ந்து பாருங்கள். காலணியுடன் பாதங்கள் மடங்காமல் தாங்கியில் ஊன்ற வேண்டும். முழங்காலும் தொடையும் மேற்புறத்து உட்பக்கத்தில் பதிய வேண்டும். இடுப்பின் இருபுறமும் இடைவெளி இருந்தால் பஞ்சணை வைத்து நிரப்பலாம். இறுக்கமாக இருந்தால் உள்ள அணையை எடுத்துவிடலாம். முதுகுப்பட்டை தாங்க வேண்டும், நெரிக்கக் கூடாது. கால் மரத்துப்போகுமானால் அந்த ஓடம் உமக்குரியதன்று. இறுதியாக, தடையின்றி வெளியேற முடிகிறதா என்று பாருங்கள். கவிழ்ந்த ஓடத்திலிருந்து வெளியேறுவதை, பயிற்றுநர் அருகில் நிற்க, அமைதியான நீரில் முதலில் பழக வேண்டும். வெளியேற இடர்ப்பட்டால் ஆற்றை நினைக்கவே வேண்டா.

பிறகு நீரில் மிதக்கும்போது முன்முனை தூக்கி நின்றால் இருக்கையைச் சற்று முன்னே நகர்த்த வேண்டும். முன்முனை அமிழ்ந்தால் பின்னே நகர்த்த வேண்டும். ஒகேனக்கல் பரிசலோட்டிகள் ஏறுவோரைச் சுற்றிலும் எடை ஒத்திருக்க அமர்த்துவதும் இதே நியாயத்தால்தான்.

ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். ஓடம் வாடகைக்குத் தருபவர் எடையைக் கேட்கும்போது, தோழர்கள் நகைப்பார்களே என்று நாணி, பத்துக் கிலோவைக் குறைத்துச் சொல்லும் பிள்ளைகள் உண்டு. அவ்வாறு செய்யாதீர். நண்பர்கள் நம்பினாலும் நீர் நம்பாது. அது உண்மை எடையையே தாங்கும். அருகில் நிற்கும் மாணவர்களே, நீங்களும் நகைக்காதீர்கள். உங்கள் நகைப்பு ஒருவனைப் பொருந்தாத ஓடத்தில் ஏற்றிவிடக்கூடும். தக்க அளவுள்ள ஓடம் இல்லையெனில், இருப்பதில் ஏறாமல் கரையில் நிற்பதே அறிவுடைமை. உடலை நொந்துகொள்ள வேண்டுவதில்லை. உடலுக்கு ஏற்ற ஓடத்தைக் கேட்டுப் பெறுங்கள்.